கரிசல் காட்டு ஐந்தொகை: பருத்தி முதல் காற்றாலை வரை

நம் சங்கத்தின் பொதுக்குழுவில் குப்பையைப் பிரித்துப் போடுவது பற்றிப் பேச்சு வந்தபோது, ‘சுழற்சிப் பொருளாதாரம்’ என்ற சொல் இரண்டு மூன்று முறை அடிபட்டது. எடுத்துப் பயன்படுத்தி எறிந்துவிடுவது நேர்கோடு. எறிவதை மறுபடி பொருளாக்கி உள்ளே கொண்டுவருவது சுழற்சி. இவ்வளவுதான் அதன் பொருள். ஆனால் கேட்டவர்களில் சிலர் இது ஏதோ வெளிநாட்டிலிருந்து வந்த புதுச் சரக்கு என்று நினைத்ததாகத் தெரிந்தது. நான் ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல் காட்டில் பிறந்தவன். பி.காம். படித்து, வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே எனக்குத் தெரிந்த ஊரை வைத்து, எனக்குத் தெரிந்த கணக்கு முறையில் இந்த விஷயத்தின் வரலாற்றை எழுதலாம் என்று தோன்றியது.

கணக்கு முறை என்றால் வேறொன்றும் இல்லை. ஐந்தொகை போடும்போது ஒரு பக்கம் சொத்து, மறுபக்கம் பொறுப்பு. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ ஒரு பதிவு விடுபட்டிருக்கிறது. தொழிலும் வேலைவாய்ப்பும் சுழற்சியை நோக்கி நகர வேண்டும் என்று இன்று உலகம் முழுவதும் ஆராய்ச்சி செய்கிறார்கள். அந்த ஆராய்ச்சியின் சாரத்தைச் சொன்னால், இதுவரை விடுபட்ட பதிவுகளைத் தேடி எழுதுவதுதான்.

பருத்தியில் எதுவும் வீணாகவில்லை

கரிசல் மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைத்தால், அதற்குப் பிறகு மழை இல்லாவிட்டாலும் பனியிலும் மண்ணின் ஈரத்திலும் பயிர் தாக்குப்பிடிக்கும். அப்படித் தாக்குப்பிடித்ததில் முதலாவது பருத்தி. கருங்கண்ணி என்ற நாட்டு ரகம் இந்த மண்ணுக்கென்றே அமைந்தது. கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-இல் தொடங்கப்பட்டது. மானாவாரிப் பருத்தியும் சோளமும் அங்கே ஆராயப்பட்டு, ‘கே’ என்ற எழுத்துடன் ரகங்களாக வெளிவந்தன. அந்தக் ‘கே’ கோவில்பட்டியைக் குறிக்கும்.

காட்டிலிருந்து எடுத்து வந்த பருத்தியை அரைவை மில்லில் கொட்டை நீக்கினால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு. மீதி கொட்டை. அதாவது எடைக்கணக்கில் பார்த்தால், நாம் எதற்காகப் பயிர் செய்தோமோ அதைவிட ‘உபரி’தான் அதிகம். காஸ்டிங் பாடத்தில் ‘துணைப்பொருள்’ என்று ஒரு அத்தியாயம் வரும். கரிசல் காட்டு விவசாயிக்கு அந்தப் பாடம் தேவைப்படவில்லை. பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டி மாட்டுக்கு வைத்தார்கள். அதிலிருந்தே பருத்திப்பால் காய்ச்சி மனிதரும் குடித்தார்கள். செடி காய்ந்தபின் பிடுங்கிய பருத்திமார் அடுப்புக்குப் போனது. சோளத்தட்டையும் கம்பந்தட்டையும் படப்பாகி மாட்டின் வயிற்றுக்குப் போயின. மாட்டுச் சாணமும் அடுப்புச் சாம்பலும் குப்பைக்குழிக்கு வந்து, கோடையில் வண்டி வண்டியாகக் காட்டுக்குத் திரும்பின. கண்மாய் வற்றியதும் வண்டல் அள்ளிக் காட்டில் போட்டார்கள். இடையர்கள் ஆட்டுக்கிடை போட, காட்டுக்காரர் அதற்குத் தானியமோ பணமோ கொடுத்தார். ஆட்டுப் புழுக்கைக்கு ஒரு விலை இருந்தது என்பதைக் கவனியுங்கள். விலை இருக்கிற ஒன்றைக் கழிவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பஞ்சு மட்டும் ஊரை விட்டுப் போனது. ரயில் பாதை வந்தபின் கரிசல் பஞ்சு தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறியது. வணிகர்கள் அதற்கு ‘டின்னவேலி’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். 1888-இல் தூத்துக்குடியில் ஹார்வி சகோதரர்களின் நூற்பாலை வந்தது. அதைத்தான் கோரல் மில் என்று வரலாற்றுப் புத்தகங்களில் படிக்கிறோம்.

கப்பலும் கூலியும்

இங்கே எங்கள் ஊர்க்காரர் வருகிறார். ஓட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5-இல் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை, 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். அதைத் தேசபக்திக் கதையாக எல்லோரும் அறிவோம். அதில் ஒரு பொருளாதாரக் கணக்கும் இருக்கிறது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சரக்கும் ஆளும் போகும் கூலி யார் கைக்குச் சேர்கிறது, அந்தப் பணம் எந்த ஊரில் செலவாகிறது என்பதே அந்தக் கேள்வி.

அதைவிட என் கட்டுரைக்கு முக்கியமானது 1908 பிப்ரவரி 27-இல் தொடங்கிய கோரல் மில் வேலைநிறுத்தம். பஞ்சு கரிசலிலிருந்து வந்தது, நூலாகிப் போனது, லாபமும் வந்தது. ஆனால் நூற்றவர்களுக்குக் கூலி குறைவு, வார விடுமுறை இல்லை. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர் பக்கம் நின்றார்கள். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கிவந்து கூலி உயர்வுக்கும் வார விடுமுறைக்கும் சம்மதித்தது. மார்ச் 12-இல் வ.உ.சி. கைதானார். பின்பு அவர் சிறையில் செக்கிழுத்தது எல்லோருக்கும் தெரியும்.

எந்தத் தொழிலை எடுத்துக்கொண்டாலும் பொருள் எப்படிச் சுற்றுகிறது என்று ஒரு கேள்வி, அதைச் சுற்றவைக்கும் ஆளுக்கு என்ன கிடைக்கிறது என்று இன்னொரு கேள்வி. 1908-இல் இரண்டாவது கேள்வியைத் தூத்துக்குடியில் உரக்கக் கேட்டார்கள்.

ஒரு கணக்காளரும் ஒரு கட்டடக் கலைஞரும்

இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்களில் ஒருவர் ஜே.சி.குமரப்பா. 1892-இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்காளர் பயிற்சி பெற்றவர் என்பதால் எனக்கு அவர் மேல் தனி மரியாதை உண்டு. காந்தியடிகளோடு சேர்ந்து, அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கத்தை நடத்தினார். ஜபல்பூர் சிறையில் இருந்தபோது எழுதி 1945-இல் வெளிவந்த அவருடைய நூல், நிலைத்த பொருளாதாரம் எது என்று ஆராய்வது. நிலக்கரி, பெட்ரோலியம் போன்றவற்றைத் தொட்டியில் தேங்கிய நீருக்கும், காடு, பயிர், காற்று போன்றவற்றை ஓடுகிற நீருக்கும் அவர் ஒப்பிட்டார். தொட்டியிலிருந்து எடுக்க எடுக்கக் குறையும், ஆகவே சண்டையும் வரும். ஓட்டத்திலிருந்து அளவோடு எடுத்தால் தீராது. வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், வட்டியில் வாழ்வதற்கும் முதலைக் கரைப்பதற்கும் உள்ள வித்தியாசம். தன் கடைசிக் காலத்தை அவர் மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டி காந்திநிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். கோவில்பட்டியிலிருந்து வடக்கே அது ஒன்றும் தொலைவில் இல்லை. 1960 ஜனவரி 30-இல் காலமானார்.

இன்னொருவர் சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர் வால்ட்டர் ஸ்டாஹெல். அவரும் ஜெனவீவ் ரெடே என்ற அம்மையாரும் 1976-இல் ஐரோப்பிய ஆணையத்துக்காக ஓர் ஆய்வறிக்கை எழுதினார்கள். எண்ணெய் விலை உயர்வும் வேலையின்மையும் ஒன்றாக வந்து மிரட்டிய காலம் அது. அவர்கள் கண்டது எளிமையானது. இரும்பு, சிமெண்ட் போன்ற மூலப்பொருளைத் தயாரிக்கும் கட்டத்தில் தொழில்துறையின் சக்தியில் முக்கால் பங்கு செலவாகிறது. அந்த மூலப்பொருளைப் பொருளாகவும் கட்டடமாகவும் மாற்றும் கட்டத்தில் கால் பங்குதான் செலவாகிறது. வேலையாட்கள் கணக்கில் இது அப்படியே தலைகீழ்: முதல் கட்டத்தில் கால் பங்கு ஆள், இரண்டாவது கட்டத்தில் முக்கால் பங்கு. ஆகவே பொருளைப் புதிதாகச் செய்வதைக் குறைத்து, இருப்பதைப் பழுதுபார்த்து, புதுப்பித்து, அதிக நாள் ஓட்டினால், எரிபொருள் மிச்சமாகும், வேலையும் கூடும் என்றார்கள். இன்று ‘சுழற்சியும் வேலைவாய்ப்பும்’ என்று வரும் ஆய்வுகள் பலவற்றுக்கும் தாய்வேர் அந்த அறிக்கை. நம் ஊரில் ஈயம் பூசியவரும், குடை ரிப்பேர் செய்தவரும், அம்மி கொத்தியவரும் இந்த அறிக்கையைப் படிக்காமலே அதன்படி நடந்தார்கள்.

தீப்பெட்டி ஆபீஸ்

மானாவாரிப் பூமியில் வானம் பொய்த்தால் ஊரே வேலை இல்லாமல் நிற்கும். அந்த வெற்றிடத்தில் வந்ததுதான் தீப்பெட்டி. 1922-இல் இறக்குமதித் தீப்பெட்டிக்குத் தீர்வை உயர்ந்தது. அதே ஆண்டு சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழிலைக் கற்றுக்கொண்டு, 1923-இல் ஊர் திரும்பித் தொடங்கினார்கள். அங்கிருந்து சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் என்று தொழில் பரவியது. மழை குறைவு, வெயில் அதிகம். விவசாயத்துக்குச் சாபமான அதே வறட்சி, குச்சியும் பெட்டியும் காய்வதற்கு வரமானது. எங்கள் பக்கம் இதைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்றுதான் பெயர்.

ஒரு தீப்பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். குச்சி மென்மரம். பெட்டி ஒரு காலத்தில் மரச்சீவல், பிறகு அட்டை. அந்த மாதிரி அட்டைக்குப் பழைய காகிதம்தான் முக்கிய மூலப்பொருள். குச்சியின் தலையில் உள்ள மருந்தைப் பிடித்து வைப்பது வச்சிரப் பசை. தோலும் எலும்பும் காய்ச்சி எடுப்பது, அதாவது தோல் தொழிலின் மிச்சம். குச்சி சீராக எரிய நனைக்கிற மெழுகு, பெட்ரோலியம் சுத்திகரிப்பில் கிடைக்கும் துணைப்பொருள். ஆக, நான்கைந்து தொழில்களின் மிச்சம் மீதியை இணைத்துச் செய்த பொருள் இது. எரிந்த பின் மிஞ்சுவது கொஞ்சம் கரியும் ஒரு சின்ன அட்டைப்பெட்டியும். அட்டையைத் தண்ணீரில் போட்டால் கூழாகிவிடும்.

வங்கியில் இருந்தபோது சிறு தீப்பெட்டி ஆபீஸ்களின் கடன் கணக்குகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் மாதா மாதம் சீராக வரவு இருக்காது. அடைமழை மாதங்களில் கணக்கு படுத்துவிடும். வெயில் ஏறினால் எழுந்துவிடும். சனிக்கிழமை கூலி நாள் என்பதால் வெள்ளிக்கிழமை பணம் எடுக்க வருவார்கள், சில்லறை நோட்டாகக் கேட்பார்கள். அந்தச் சில்லறை பெரும்பாலும் பெண்கள் கைக்குப் போய், மளிகைக் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் சீட்டிலும் சுற்றி, அடுத்த வாரம் அதே கவுண்டருக்கு வரும். நோட்டின் அழுக்கைப் பார்த்தே அது எத்தனை கை மாறியிருக்கும் என்று ஊகிக்கலாம்.

இதையெல்லாம் எழுதும்போது இன்னொரு பக்கத்தையும் எழுதாவிட்டால் ஐந்தொகை பொய்யாகிவிடும். குச்சி அடுக்கிய விரல்களில் குழந்தைகளின் விரல்களும் இருந்தன. விடியுமுன் வேன் வந்து பிள்ளைகளைக் கிராமத்திலிருந்து ஏற்றிச் சென்ற காலம் எங்கள் தலைமுறைக்கு நினைவிருக்கிறது. எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10-இல் தீர்ப்பளித்தது. ஆபத்தான தொழிலில் ஒரு குழந்தையை வேலைக்கு வைத்தால், முதலாளி 20,000 ரூபாய் அந்தக் குழந்தையின் நலநிதிக்குக் கட்ட வேண்டும்; குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க வழி செய்ய வேண்டும் என்றது. அதன் பிறகு நிலைமை வெகுவாக மாறியது. பழைய கிராமச் சுழற்சியிலும் இதே குறை உண்டு. செத்த மாட்டைத் தூக்கியதும், மலத்தை அள்ளியதும், தோலைப் பதனிட்டதும் பிறப்பின் பெயரால் சிலர் தலையில் கட்டப்பட்டது. பொருள் வீணாகவில்லை என்பது உண்மை. அதற்கான விலையைச் சிலர் மட்டும் கொடுத்தார்கள் என்பதும் உண்மை. ‘அந்தக் காலம் பொற்காலம்’ என்று நான் எழுதப் போவதில்லை.

பத்து ரூபாய் லைட்டர்

பிறகு வந்தது ஒரு தடவை பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக் லைட்டர். தீப்பெட்டியின் விலை 14 ஆண்டுகள் ஒரு ரூபாயிலேயே நின்று, 2021 டிசம்பர் 1 முதல்தான் இரண்டு ரூபாயானது. லைட்டர் பத்து ரூபாய். 2022 செப்டம்பரில் தமிழக முதல்வர் ஒன்றிய நிதியமைச்சருக்கு எழுதிய கடிதத்தில், ஒரு லைட்டர் 20 தீப்பெட்டிக்கு ஈடு என்றும், ஒரு லட்சம் பேருக்கு மேல் இந்தத் தொழிலை நம்பி இருக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்றும் குறிப்பிட்டிருந்தார்.

வாங்குபவர் கணக்கில் 20 தீப்பெட்டி 40 ரூபாய், லைட்டர் 10 ரூபாய். 30 ரூபாய் லாபம். மேலோட்டமாகப் பார்த்தால் இதில் தவறு ஒன்றும் தெரியாது. விடுபட்ட பதிவுகளை எழுதிப் பாருங்கள். பிளாஸ்டிக் உடல், உள்ளே கொஞ்சம் எரிவாயு, ஒரு உலோக மூடி, ஒரு சின்னச் சக்கரம், ஒரு ஸ்பிரிங். தீர்ந்த லைட்டரை எடைக்குப் போட்டால் பழைய இரும்புக்கடைக்காரர் வாங்க மாட்டார். பிரித்து எடுக்கும் கூலி, உள்ளே இருக்கும் பொருளின் விலையைவிட அதிகம். ஆகவே அது குப்பைமேட்டுக்குப் போகும். மிச்ச வாயு இருந்தால் அங்கே தீயும் பிடிக்கும். அதை அள்ளும் செலவு நகராட்சியின் தலையில். வேலை இழந்த பெண்ணின் நாள்கூலி எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. 30 ரூபாய் லாபம் என்பது, செலவை அடுத்தவர் லெட்ஜருக்கு மாற்றியதால் வந்த லாபம்.

2023 ஜூன் இறுதியில் 20 ரூபாய்க்குக் கீழ் விலையுள்ள லைட்டர் இறக்குமதிக்கு ஒன்றிய அரசு தடை விதித்தது. பாகங்களாகக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்கிறார்கள் என்று புகார் எழுந்ததால், 2024 அக்டோபரில் உதிரிபாகங்களுக்கும் தடை வந்தது. தடை மட்டும் தொழிலைக் காப்பாற்றிவிடாது. முழு இயந்திரமயமான தீப்பெட்டி ஆலைகள் குறைந்த ஆட்களைக் கொண்டே நடக்கின்றன. எரிவாயு அடுப்புக்குத் தானியங்கிப் பற்றவைப்பு வந்துவிட்டது. ஆனாலும் ஒரு பொருளின் விலையில் அதன் கழிவுச் செலவும் வேலை இழப்பும் சேர வேண்டும் என்ற வாதம் கோவில்பட்டியிலிருந்து டெல்லி வரை போய் ஜெயித்தது சின்ன விஷயம் இல்லை.

சாம்பலும் காற்றாலை இறக்கையும்

புதிய சுழற்சிக்கும் எங்கள் மாவட்டத்தில் உதாரணம் உண்டு. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1979-இல் ஓடத் தொடங்கியது. பிறகு 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகுகள், மொத்தம் 1,050 மெகாவாட். இந்திய நிலக்கரியில் சாம்பல் 30 முதல் 40 சதவீதம் வரை இருக்கும். அதாவது மூன்று லாரி கரி எரித்தால் ஒரு லாரி சாம்பல். முதலில் அதைத் தண்ணீரில் கலந்து குட்டைகளில் கொட்டினார்கள். 1999-இல் ஒன்றிய அரசு சாம்பல் பயன்பாட்டை வலியுறுத்தி அறிவிக்கை வெளியிட்டது. இன்று அந்தச் சாம்பல் சிமெண்டிலும் செங்கல்லிலும் சேர்கிறது. பிபிசி என்று மூட்டையில் அச்சிட்ட சிமெண்டில் 35 சதவீதம் வரை சாம்பல் சேர்க்க அனுமதி உண்டு. நம் குடியிருப்பின் சுவரிலும் கொஞ்சம் நிலக்கரிச் சாம்பல் இருக்க வாய்ப்பு அதிகம். கழிவுக்கு ஒரு சட்டமும் ஒரு விலையும் வந்ததும், அதைச் சுற்றி லாரி, சூளையில்லாச் செங்கல் பட்டறை, கொத்து வேலை என்று பிழைப்பும் வந்துவிட்டது.

அடுத்த சோதனை காற்றாலை. 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று அமைந்தது. பின்னர் கயத்தாறிலிருந்து எங்கள் காடுகள் வரை வெள்ளைக் கம்பங்கள் முளைத்தன. காற்றாலையின் ஆயுள் 20, 25 ஆண்டுகள். ஆகவே முதலில் நட்டவை இப்போது முதுமை அடைந்துவிட்டன. பழையதைக் கழற்றிப் பெரியதை நிறுத்துவதற்கு 2024-இல் தமிழக அரசு தனிக் கொள்கை வெளியிட்டது. கோபுரத்தின் இரும்பும் ஜெனரேட்டரின் செம்பும் நல்ல விலைக்குப் போகும். இறக்கை அப்படி இல்லை. கண்ணாடி இழையும் பிசினும் இறுகிய கலவை அது, உருக்க முடியாது. ஜெர்மனியில் அதை நொறுக்கிச் சிமெண்ட் சூளையில் எரிபொருளாகவும் மூலப்பொருளாகவும் பயன்படுத்துகிறார்கள். திருநெல்வேலிப் பக்கம் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் ஆலையும் உண்டு, காற்றாலையும் உண்டு. இரண்டையும் இணைக்கிற தொழில் இங்கே வளர்ந்தால், பாலிடெக்னிக் முடித்துவிட்டுச் சென்னைக்கும் கோவைக்கும் பஸ் ஏறும் எங்கள் ஊர்ப் பையன்களில் சிலராவது ஊரிலேயே நிற்பார்கள். கரிசல் காட்டில் கிடத்திவிட்டுப் போனால், இன்னும் ஐம்பது வருடத்துக்கு அந்த இறக்கை அங்கேயே கிடக்கும்.

நம் வீட்டு லெட்ஜர்

இவ்வளவு வரலாற்றையும் நம் குடியிருப்போடு எப்படிச் சேர்ப்பது? 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் ஈரக்கழிவு, உலர்கழிவு, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன. அதை நாம் ஓரளவு செய்கிறோம். என் யோசனை அதற்கு மேல் ஒரு படி.

ஒவ்வொரு காலாண்டும் நம் குடியிருப்பிலிருந்து காகிதம், அட்டை, பிளாஸ்டிக், உலோகம் எத்தனை கிலோ போனது, கிலோ என்ன விலை, அந்தப் பணம் யாருக்குப் போனது என்று ஒரு நோட்டில் எழுதி இந்த இதழிலேயே வெளியிடலாம். வீட்டுக்கு வீடு அள்ளி, கையுறை போட்டுப் பிரித்துத் தருகிற நம் துப்புரவுப் பணியாளர்களுக்கு அதில் ஒரு பங்கு எழுத்தில் நிர்ணயிக்கப்பட வேண்டும்; தீபாவளி இனாமாக அல்ல, வருமானமாக. எண்ணெயும் குழம்பும் படாத அட்டைக்கு எப்போதும் நல்ல விலை உண்டு. அதில் ஒரு பகுதி மறுபடி தீப்பெட்டியாகி நம் பூஜை அறைக்கே வரக்கூடும்.

குறிப்பேட்டை எழுதும் வேலையை நானே ஏற்றுக்கொள்கிறேன். முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் கணக்கை எழுதிய கைக்கு இது பாரமில்லை. மாதத்தில் முதல் சனிக்கிழமை காலை, தராசு வைத்து எடை போட, வாட்ச்மேன் அறைப் பக்கம் இரண்டு பேர் உதவிக்கு வந்தால் போதும். விருப்பமுள்ளவர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். அடுத்த இதழில் முதல் கணக்கைப் போட்டுவிடலாம்.